புத்தாக்கமும் பயிற்சியும்

ஒரு நிறுவனம் நிலைபெற்று வளர்வதற்குப் பொருளும் பொறியும் மட்டும் போதா. நேற்றுச் செய்த வேலையை இன்று செவ்விதாகச் செய்யும் வழியைக் காணவல்ல மாந்தரும் வேண்டும். அவ்வழியைக் கண்டு நடைமுறைக்குக் கொண்டுவருதலே புத்தாக்கம் எனப்படும். இவ்வாற்றல் பிறவியிலேயே சிலர்க்கு வாய்ப்பதென்றும், கற்பித்து வருவிக்கத்தக்கதன்றென்றும் கருதுவார் பலர். இக்கருத்து எவ்வளவு பொருந்தும் என்பதை ஆராய்வதற்கு, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவிற் தோன்றிய ஒரு பயிற்சி முறையின் வரலாறு பெரிதும் துணைபுரியும்.

1940ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொழிற்சாலைகள் போர்த் தளவாடங்களைப் பெருந்தொகையாக ஆக்கவேண்டிய நிலை ஏற்பட்டது. தேர்ந்த தொழிலாளர் போதியவளவு கிடைத்திலர். தொழிற்சாலையின் வாயிலையே முன்னர்க் கண்டறியாத ஆடவரும் பெண்டிரும் புதிதாக வேலைக்கு வந்தனர். இக்குறையை நீக்குதற்பொருட்டு அவ்வாண்டில் அரசாங்கம் 'தொழிலகத்துட் பயிற்சி' என்னும் சேவையை நிறுவியது. சானிங் டூலி, வால்ற்றர் டீற்ஸ் முதலியோர் அதனை நடத்தினர். ஒவ்வொரு தொழிலாளியையும் தாமே பயிற்றப் புகுதல் இயலாதென்பதை அவர்கள் உணர்ந்தனர். ஆதலின் மேற்பார்வையாளரைப் பயிற்றி, அவர் வாயிலாகப் பிறரைப் பயிற்றுவிக்கும் வழியை மேற்கொண்டனர்.

பயிற்சி மிகச் சுருக்கமானது. பத்துப்பேர் அளவான குழு. இரண்டு மணி நேரம் கொண்ட ஐந்து அமர்வுகள். ஆக மொத்தம் 10 மணி நேரம். வேலையைக் கற்பித்தல், வேலை முறையைச் செம்மை செய்தல், வேலையாளரோடு இணங்கி நடத்தல் என மூன்று பாடங்கள் வகுக்கப்பட்டன. முதற் பாடத்திற் பயிற்றுநர் மின்கம்பியில் இடும் ஒரு முடிச்சைக் கற்பித்துக் காட்டுவார். முதலில் ஒருவரை அழைத்து, வாய்ச்சொல்லால் மட்டும் விளக்குவார். அவரால் முடிச்சை இட முடியாது. பின்னர் வேறொருவர்க்குச் சொல்லின்றிச் செய்து மட்டும் காட்டுவார், அவரும் தவறுவார். இறுதியில், கற்போனை ஆயத்தஞ் செய்தல், விளக்கிக் காட்டுதல், அவனைக்கொண்டே செய்வித்தல், பின்னரும் கவனித்தல் என்னும் நான்கு படிகளாற் கற்பிக்க, முடிச்சு எளிதிற் கைவரும். ஹெர்பார்ட்டின் வழிவந்தோர் வகுத்த பாடப் படிகளை அறிந்த ஆசிரியர்க்கு இம்முறை புதிதாகத் தோன்றாது.

புத்தாக்கத்தோடு நேரே தொடர்புடையது இரண்டாம் பாடமாகும். இதற்கும் படிகள் நான்கு. வேலையை அதன் நுண்ணிய செயல்களாகப் பிரித்தெழுதுதல் முதலாவது. அச்செயல் ஒவ்வொன்றையும் வினாவுக்கு உட்படுத்தல் இரண்டாவது. இஃது ஏன் வேண்டும்? இதன் நோக்கம் யாது? எங்கே, எப்பொழுது செய்தல் தகும்? யார் செய்தல் தகும்? எவ்வாறு செய்தல் நன்று? வேண்டாதவற்றை நீக்கியும், இணைக்கத்தக்கவற்றை இணைத்தும், வரிசையை மாற்றியும், எஞ்சியவற்றை எளிதாக்கியும் புதுமுறை காணுதல் மூன்றாவது. அதனை நடைமுறைப்படுத்தல் நான்காவது. புதிய பொறிகளை வேண்டி நில்லாது, உள்ள ஆளையும் பொறியையும் பொருளையும் கொண்டே பயன் பெறவேண்டும் என்பது இப்பாடத்தின் உயிர்க்கருத்தாகும்.

இவற்றுள் அரியது நான்காம் படியே. புதுமுறையை மேலதிகாரிக்கு எடுத்துரைத்து அவரை இசைவிக்க வேண்டும். அதனைக் கைக்கொள்ளும் தொழிலாளரும் உடன்பட வேண்டும். கருத்தைத் தந்தவர் யாரோ அவர்க்கே அதன் பெருமை சேரவேண்டும். இவை மூன்றும் பாடத்திற் தெளிவாகவே விதிக்கப்பட்டன. இவ்விதி அற்பமானதன்று. கீழ்நிலையிலுள்ளான் ஒருவன் கூறிய கருத்தை மேலுள்ளவர் தமதெனக் காட்டுவாராயின், அவன் மறுமுறை வாய் திறவான். அவனைக் கண்ட ஏனையோரும் திறவார். அதன்பின் எத்துணைப் பயிற்சி அளித்தும் பயனில்லை.

1945இற் போர் முடியவே, அமெரிக்க அரசாங்கம் இச்சேவையை நிறுத்திற்று. 15 இலட்சத்துக்கு மேற்பட்டோர் பயின்ற அம்முறை பிறந்த நாட்டிலேயே பெரும்பாலும் மறக்கப்பட்டது. யப்பானோ, போரால் அழிந்த தன் தொழில்களை மீளக் கட்டும் காலத்தில், அதனை விரும்பி ஏற்றது. ரொயோட்டா நிறுவனம் அப்பயிற்சியை மேற்கொண்டதுடன், 1951இற் தொழிலாளர் தம் கருத்துக்களை எழுதித் தெரிவிக்கும் ஏற்பாட்டையும் தொடங்கியது. 1962இல், தொழிலாளர் சிறு குழுக்களாகக் கூடித் தம் வேலையின் குறைகளைத் தாமே ஆராயும் தரக்கட்டுப்பாட்டு வட்டங்கள் யப்பானில் எழுந்தன.

பின்னிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி இதன் உண்மையை நன்கு புலப்படுத்தும். கலிபோர்ணியாவிலுள்ள பிறீமொன்ற் என்னுமிடத்தில் இயங்கிய ஜெனரல் மோட்டர்ஸ் தொழிற்சாலை 1982இல் மூடப்பட்டது. ஓயாத பிணக்கும், வேலைக்கு வாராமையும், தரக்குறைவும் அதன் பெயரைக் கெடுத்திருந்தன. 1984இல் ரொயோட்டாவும் ஜெனரல் மோட்டர்சும் கூட்டாக அதனைத் திறந்தபொழுது, வேலைக்கு அமர்ந்தோரிற் பெரும்பாலோர் பழைய தொழிலாளரே, தொழிற்சங்கமும் பழையதே. குழுத் தலைவர் பலர் யப்பானுக்கு அனுப்பப்பட்டுப் பயிற்சி பெற்றனர். குறை கண்டவிடத்துக் கயிற்றை இழுத்து வேலை வரிசையை நிறுத்தும் உரிமை தொழிலாளிக்கு வழங்கப்பட்டது. சில ஆண்டுகளுள் அத்தொழிற்சாலையின் வண்டிகள் தரத்தால் நற்பெயர் பெற்றன. மனிதர் மாறிலர், அவர்களை நடத்திய முறையே மாறிற்று. 2010 வரை அக்கூட்டு நிறுவனம் இயங்கியது.

10 மணி நேரப் பயிற்சி விஞ்ஞானப் பெருங்கண்டுபிடிப்புக்களை விளைக்கும் என்று கொள்ளுதல் தவறாகும். அவை நீண்ட ஆராய்ச்சியின் பயன். எனினும் அன்றாட வேலையைச் செம்மை செய்யும் சிறு புத்தாக்கங்கள் எண்ணிறந்தன. அவற்றைக் காண்பதற்கு வேண்டிய வினாக்கள் எவர்க்கும் கற்பிக்கத்தக்கன. வைத்தியருக்கும் பொறியியலாளருக்கும் எழுதுவினைஞருக்கும் ஆசிரியருக்கும் இஃது ஒக்கும். ஆயினும் வினாவக் கற்பித்தல் பாதி வேலையே. கேட்கக் கற்றல் மற்றப் பாதி. கீழுள்ளோர்க்கு முன்னதைப் பயிற்ற விரும்பும் நிறுவனம், மேலுள்ளோர்க்குப் பின்னதை முதலிற் பயிற்றுதல் வேண்டும்.