நேற்றைய தண்ணீர்

கடந்த டிசம்பர் பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதல் நாள் இரவு முழுக்க மழை கொட்டித் தீர்த்திருந்தது. காலையில் பளீரென்று வெயில். எட்டு வயது மகள் விடுவாளா? பாயையும் நாசி லெமாக் பொட்டலங்களையும் எடுத்துக்கொண்டு கடற்கரைக்குக் கிளம்பிவிட்டோம். மழைநீர்க் கால்வாய் கடலில் சேரும் இடத்துக்கு அருகில் நிழல் நன்றாக இருந்தது. அங்கேயே பாயை விரித்தேன். அவள் இரண்டு மணி நேரம் தண்ணீரைவிட்டு வரவில்லை. நடுநடுவே இரண்டு வாய் கடல்நீரையும் குடித்துவிட்டுச் சிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் வாந்தி, வயிற்றுப்போக்கு. பரிசோதித்த மருத்துவர், “எங்கேயாவது நீந்தப் போனீர்களா? அதற்கு முன்னால் மழை பெய்ததா?” என்று கேட்டார். கடல்தான் காரணம் என்று அவர் சொல்லவில்லை. நாசி லெமாக்காகக்கூட இருக்கலாம். ஆனால், மழையைப் பற்றி ஏன் கேட்டார் என்பது மனத்தில் தங்கிவிட்டது.

மகள் தேறிய பிறகு, நீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்யும் தோழி ஒருவரிடம் கேட்டேன். “அண்ணே, நாங்கள் எண்ணுவது நோய்க் கிருமியை அல்ல, அதன் தடயத்தை,” என்றார். என்டரோகாக்கஸ் என்ற பாக்டீரியா மனிதர், விலங்கு, பறவைகளின் குடலில் வாழ்வது. உப்புநீரிலும் சில காலம் தாக்குப்பிடிக்கும். அது கடலில் இருந்தால் மலக்கழிவு கலந்திருக்கிறது என்று பொருள். அதோடு என்னென்ன நோய்க் கிருமிகள் வந்தன என்று ஒவ்வொன்றாகத் தேடி மாளாது. அதனால் இந்த ஒன்றை எண்ணுகிறார்கள்.

செந்தோசா, ஈஸ்ட் கோஸ்ட், சாங்கி, பாசிர் ரிஸ், பொங்கோல், செம்பவாங் போன்ற கடற்கரைகளில் தேசியச் சுற்றுப்புற வாரியம் இந்தச் சோதனையைத் தொடர்ந்து செய்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி நெறிகளின்படி, நீச்சலுக்கு ஏற்ற கடற்கரை என்றால் 100 மாதிரிகளில் 95 மாதிரிகளிலாவது, 100 மில்லிலிட்டருக்கு 200 என்ற அளவை இந்தப் பாக்டீரியா தாண்டக்கூடாது. 2008ல் பாசிர் ரிஸ் கடலில் நீந்த வேண்டாம் என்று வாரியம் அறிவுறுத்தியதும், பின்னர் நீர் தேறியதும் பலருக்கு நினைவிருக்கும். நாள்பட்ட கோளாறைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை.

சிக்கல் வேறொன்று. மாதிரியை வடிகட்டி, தட்டில் வைத்து, சூடான பெட்டியில் பாக்டீரியா வளரும்வரை காத்திருக்க வேண்டும். பொதுவாக ஒரு நாள் ஆகும். “நான் முடிவு எழுதும்போது அந்தத் தண்ணீர் அங்கே இருக்காது, அண்ணே. அலை கொண்டுபோயிருக்கும்,” என்றார் தோழி. அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஏரிக்கரைகளில் பாக்டீரியாவின் மரபணுவைத் தேடி, காலையில் எடுத்த நீருக்கு அன்றே முடிவு சொல்கிறார்கள். மற்ற இடங்களில் பெரும்பாலும் நாம் படிப்பது நேற்றைய தண்ணீரைப் பற்றித்தான்.

ஆக, நான் கோட்டைவிட்டது மழையை. நம் ஊரில் கழிவுநீருக்குத் தனிக் குழாய் இருக்கிறது. மழைநீர் வேறு வழியில் போகிறது. ஆனாலும் புறா எச்சம், நாய்க் கழிவு, நடைபாதை அழுக்கு என்று எல்லாவற்றையும் மழை வழித்தெடுத்துக் கால்வாய் வழியாகக் கடலில் இறக்குகிறது. வெயிலும் அலையும் அதைச் சரிசெய்ய ஓரிரு நாள் பிடிக்கும். நானோ, கால்வாய் வாயிலிலேயே பாய் விரித்திருக்கிறேன்!

2024 ஜூனில் பாசிர் பாஞ்சாங்கில் கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மணல் கறுத்துக் கிடந்தது, நாற்றம் அடித்தது, விலகி நின்றோம். பாக்டீரியாவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை.

இப்போது கிளம்புமுன் வாரியத்தின் அறிவிப்பைப் பார்க்கிறேன். முந்தைய இரண்டு நாள் மழையையும் பார்க்கிறேன். குழந்தைக்குக் காயமோ புண்ணோ இருந்தால் தண்ணீரில் இறக்குவதில்லை.

போன மாதம் மறுபடியும் அதே கடற்கரைக்குப் போனோம். வெள்ளிக்கிழமை நல்ல மழை. மகள் கால்வாய்ப் பாலத்தில் நின்று எட்டிப் பார்த்தாள்.

“அப்பா, தே தாரிக் மாதிரி இருக்கு.”

அன்று மணலில் கோட்டை கட்டினோம். அகழிக்குத் தண்ணீர் வேண்டும் என்றாள். வீட்டிலிருந்து கொண்டுபோன குடிநீர்ப் போத்தலில் பாதி அதற்கே போயிற்று.