'இன்று மாலை' என்றால் எந்த மாலை? வெள்ளத்தில் உதவி கேட்கும் மெசேஜை எழுதுவது எப்படி?

"அவசரம்! இன்று மாலையிலிருந்து நண்பரின் குடும்பம் வெள்ளத்தில் தவிக்கிறது. கைக்குழந்தை இருக்கிறது. எல்லோருக்கும் ஷேர் பண்ணுங்க!"

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இப்படியான மெசேஜ்கள் போன் போனாகச் சுற்றின. படித்ததும் மனம் பதறும். ஆனால், படகோடு கிளம்பத் தயாராக இருப்பவருக்கு இதில் ஒரு தகவலும் இல்லை. எந்தத் தெரு, எத்தனை பேர், யாரை அழைப்பது?

இதைவிடப் பெரிய சிக்கல், 'இன்று'. வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு செய்தால், முதலில் எழுதிய நேரம் தெரியாது; ஃபார்வர்டு செய்த நேரம்தான் தெரியும். மூன்று நாள் பழைய மெசேஜும் இப்போது வந்தது போலவே நிற்கும். அதனால் தேதியையும் நேரத்தையும் மெசேஜுக்குள்ளேயே, அதுவும் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

இந்த வரிசை போதும்:

* தேதி, நேரம்
* கதவு எண், தெரு, பகுதி, பக்கத்தில் இருக்கும் அடையாளம்
* எத்தனை பேர், எந்த மாடி
* முதியவர், கர்ப்பிணி, நோயாளி இருந்தால் அந்த விவரம்
* என்ன தேவை: படகா, மருந்தா, குடிநீரா?
* சம்பவ இடத்தில் இருப்பவரின் போன் நம்பர்

போட்டோவாக அனுப்பாதீர்கள்

அழகாக டிசைன் செய்த படத்தைவிட, டைப் செய்த நாலு வரி மேல். டைப் செய்த நம்பரைத் தொட்டால் அழைப்பு போகும். முகவரியை காப்பி செய்து மேப்பில் போடலாம். படத்தில் இருந்தால், நனைந்த கையோடு ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து அழுத்த வேண்டும்.

நெட் இல்லையா?

டேட்டா இல்லாவிட்டாலும் போனின் ஜி.பி.எஸ் வேலை செய்யும். மேப்பில் உங்கள் இடத்தை அழுத்திப் பிடித்தால் வரும் எண்களை எஸ்.எம்.எஸ்ஸில் அனுப்பலாம். ஒரு எஸ்.எம்.எஸ்ஸில் ஆங்கிலம் 160 எழுத்து கொள்ளும், தமிழ் 70தான். 'கொ' என்ற ஒரே எழுத்துகூட இரண்டு இடம் பிடிக்கும். எனவே சுருக்கமாக எழுதுங்கள்.

குரூப்பில் போடுவதற்கு முன் 112-ஐயோ, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077-ஐயோ அழைத்துவிடுங்கள். மெசேஜ் அதற்குத் துணைதானே தவிர, மாற்று இல்லை.

கடைசி மெசேஜ் முக்கியம்

மீட்கப்பட்டதும் பலரும் மறந்துவிடுவது இதைத்தான். அனுப்பிய குரூப்களில் எல்லாம், "மீட்கப்பட்டுவிட்டார்கள், இனி ஃபார்வர்டு செய்ய வேண்டாம்" என்று நேரத்தோடு எழுதுங்கள். பழைய மெசேஜை 'அனைவருக்கும் டெலிட்' செய்தாலும், மற்றவர்கள் ஃபார்வர்டு செய்த பிரதிகள் அழியாது.

ஆள் இல்லாத வீட்டைத் தேடி ஒரு படகு போகும் நேரத்தில், இன்னொரு மாடியில் யாரோ அந்தப் படகுக்காகக் காத்திருப்பார்கள்.