கை கழுவ ஒரு வெள்ளிக் கோலம்

நிஜாம் காலத்து ஹைதராபாத்தின் பெரிய வீடுகளில், கை கழுவ விருந்தாளி எழுந்து போவதில்லை. தண்ணீர் அவரைத் தேடி வரும். தஸ்தர்கான் துணியைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்ததும் பணியாள் ஒருவர் ஆஃப்தாபா என்னும் மூக்குக் கெண்டியும் சிலம்ச்சி என்னும் தட்டமுமாக வரிசையில் வருவார். சிலம்ச்சியின் துளையிட்ட மூடியைப் பாருங்கள். கழுவிய நீர் அதன் வழியே இறங்கிவிடும், அடுத்தவர் கண்ணில் படாது.

இவற்றில் பல, பீதர் நகரத்துப் பித்ரி வேலை. துத்தநாகத்தில் கொஞ்சம் செம்பு சேர்த்து வார்த்து, செதுக்கிய கோடுகளில் வெள்ளியைத் தட்டிப் பதிப்பார்கள். பிறகு பீதர் கோட்டை மண்ணும் நவச்சாரமும் கலந்த கரைசல். உலோகம் கறுத்துவிடும், வெள்ளி அப்படியே நிற்கும். கை கழுவவே இத்தனை மெனக்கெட்டவர்கள், கையால் உண்பதைக் குறைவாகவா நினைத்திருப்பார்கள்?

ஹைதராபாத்தில் 1884இல் கட்டத் தொடங்கிய ஃபலக்நுமா அரண்மனையில் 101 பேர் அமரும் சாப்பாட்டு மேசை உண்டு. ஆனால் அது ஐரோப்பியப் பாணி விருந்துக்கு. அந்த ஐரோப்பாவிலும், இங்கிலாந்தில் முள்கரண்டி பரவியது 17ஆம் நூற்றாண்டுக்குப் பிறகுதான்.

நிஜாம் படையில் சேர்ந்த ஏமன் நாட்டு அரபுகளின் வழிவந்தோர் வாழும் ஹைதராபாத்தின் பார்க்கஸ் பகுதியில் இன்றும் மந்தி என்னும் இறைச்சிச் சோறு பெரிய தாலத்தில் வருகிறது. நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து கையால் எடுத்துச் சாப்பிடுகிறார்கள். ஒரே தட்டில் பலர் சேர்ந்து உண்ணும் காயல்பட்டினத்துச் சஹன் சாப்பாடு தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. அவரவர் முன்னால் இருப்பதை எடுக்கலாம். பக்கத்து ஆளின் பக்கம் கை நீட்டுவது முறையல்ல.