தலைக்கட்டு வரியும் தத்கால் டிக்கெட்டும்!

மார்ச் மாதம் பிறந்தால் போதும், இரண்டு பேர் நம் மண்டைக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்வார்கள். ஒருவர் ஆடிட்டர். இன்னொருவர் சாஸ்தா.

ஆடிட்டரை உங்களுக்குத் தெரியும். சாஸ்தாவைத் தெரிய, நீங்கள் திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசிப் பக்கத்து ஆளாக இருக்க வேண்டும். அங்கே பங்குனி உத்திரம் என்றால் அவரவர் குலதெய்வமான சாஸ்தா கோயிலில் ஆஜராகியே தீர வேண்டும். சென்னையில் இருந்தாலும் சரி, சார்ஜாவில் இருந்தாலும் சரி. மதுரைப் பக்கத்துக்காரர்களுக்கு இதே கடமை மாசி சிவராத்திரியில் வரும். உசிலம்பட்டியிலிருந்து பாப்பாபட்டிக்குச் சாமிப் பெட்டியைச் சுமந்து போகிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

சிவராத்திரிக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். வருஷக் கணக்கு முடிவதற்கு முன்பே போய் வந்துவிடலாம். நம்ம உத்திரம் அப்படியில்லை. 2024-ல் மார்ச் 25. திங்கட்கிழமை! கணக்கு முடிக்க சரியாக ஆறு நாள் பாக்கி. 2025-ல் ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை. அந்த வருஷம் மேலதிகாரிகள் முகத்திலேயே ஒரு பக்தி தெரிந்தது.

மற்ற வருஷங்களில் உரையாடல் இப்படித்தான் போகும்.

“சார், ரெண்டு நாள் லீவு வேணும். குலதெய்வம் கோயில்...”

“சாமி எங்கேயும் போயிடாதுப்பா. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம். ஆடிட்டர் நாளைக்கு வர்றார்!”

இதற்குப் பதில் சொல்ல ஒரே வழிதான். அவருடைய குலதெய்வம் எது என்று கேட்டுவிடுங்கள். பாதிப் பேர் தலையைச் சொறிவார்கள். “அதான் சார் இத்தனை கஷ்டம்” என்று ஒரு வார்த்தை போட்டால், லீவு லெட்டரில் கையெழுத்து விழுந்துவிடும்.

எட்டு மணிக்கு ஒரு யுத்தம்

லீவு கிடைத்தால் மட்டும் போதுமா? டிக்கெட்? முன்பெல்லாம் நான்கு மாதம் முன்னாலேயே ரிசர்வ் செய்யலாம். 2024 நவம்பர் முதல் அறுபது நாள்தான். அறுபதாம் நாள் காலை எட்டு மணிக்கு செல்போனை வைத்துக்கொண்டு குடும்பமே உட்கார்ந்திருக்கும். எட்டு அடித்து ஒரு நிமிஷம்... நெல்லை எக்ஸ்பிரஸ் வெயிட்டிங் லிஸ்ட்! 2023 செப்டம்பரில் எழும்பூரிலிருந்து திருநெல்வேலிக்கு வந்தே பாரத் விட்டார்கள். அதில் படுத்துத் தூங்க வழியில்லை. தவிர, நாலு பேர் உள்ள குடும்பம் சார்ஜைப் பார்த்தால் தூக்கமே போய்விடும்.

கடைசியில் தத்கால். அதுவும் கிடைக்காதவர்கள் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் பையும் பிள்ளையுமாக நிற்பார்கள். விடிய விடிய உட்கார்ந்து, அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் போய், கண் சிவக்க இறங்கினால் அங்கிருந்து வேன்.

சாஸ்தா இருக்குமிடம்

சாஸ்தா கோயில்கள் பெரும்பாலும் ஊருக்குள் இருப்பதில்லை. குளத்தங்கரை, வயல்வெளி, தேரிமணல், காடு என்றுதான் உட்கார்ந்திருப்பார். வருஷத்தில் முக்கால்வாசி நாள் ஆடு மேய்க்கிறவரும் வேப்பமரமும்தான் துணை. உத்திரத்தன்று பார்க்க வேண்டுமே! எந்தப் பக்கம் பார்த்தாலும் வேன். வரிசையாகப் பொங்கல் பானை. குலவைச் சத்தம். ஒரு பக்கம் பிள்ளைக்கு மொட்டை, இன்னொரு பக்கம் தாய்மாமன் மடியில் காதுகுத்து. பானக்காரமும் நீர்மோரும் கேட்காமலே கைக்கு வரும்.

தன் சாஸ்தா எவர் என்றே தெரியாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. பாபநாசத்துக்கு மேலே, களக்காடு - முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் காரையாற்றில் இருக்கும் சொரிமுத்து அய்யனாரைத் தங்கள் தெய்வமாக வைத்துக்கொள்வார்கள். முகவரி தொலைத்தவர்களுக்கு ஹெட் ஆபீஸ் மாதிரி.

“என்னைத் தெரியுதா?”

சாமி கும்பிடுவது சுலபம். சொந்தக்காரர்களைச் சமாளிப்பதுதான் கஷ்டம். பானை வைத்த கையோடு ஒரு பெரியவர் வந்து நிற்பார்.

“ஏலே, என்னைத் தெரியுதா?”

தெரியாது என்றால் கோபம். தெரியும் என்றால், “அப்ப யாரு, சொல்லு பாப்போம்!” இரண்டிலும் மாட்டிக்கொள்ளாமல், “உங்களைத் தெரியாமலா! எப்ப வந்தீங்க?” என்று அவரைப் பேச விட்டுவிட வேண்டும். ரெண்டு நிமிஷத்தில் ஜாதகமே வந்துவிடும்.

அடுத்தது சம்பளம். “கையில எவ்வளவு வருது?” என்று நேரடியாகவே கேட்பார்கள். உண்மையைச் சொன்னால் கடன் கேட்பார்கள். குறைத்துச் சொன்னால், “அதுக்கு இங்கேயே கடை வச்சிருக்கலாமே” என்பார்கள். “பிடித்தமெல்லாம் போக...” என்று இழுத்துவிட்டு மோர் குடிக்கப் போய்விடுவது உத்தமம்.

வரியும் வாரிசும்

சாப்பாடு முடிந்ததும் நோட்டுப் புத்தகம் வரும். தலைக்கட்டு வரி! கோயில் செலவை மொத்தமாகக் கூட்டி, தலைக்கட்டுகளால் வகுப்பார்கள். ஊருக்கு ஊர் விதி மாறும். பொதுவாகக் கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. பிரம்மச்சாரிக்கு முழு விலக்கு! நமது நிதி அமைச்சர்கள் எவரும் தராத சலுகை இது. தாலி கட்டிய மறு உத்திரத்திலேயே உங்கள் பெயர் நோட்டில் ஏறிவிடும். கல்யாணப் பதிவு அலுவலகம்கூட இத்தனை வேகம் கிடையாது.

பி.காம். படித்த கண்ணுக்கு அந்த நோட்டு ஒரு பேலன்ஸ் ஷீட் மாதிரிதான் தெரிகிறது. யார் யார் பங்காளி என்பதற்கு அதுதான் ஆதாரம். பங்காளி என்றால் தீட்டைப் பங்கு போட்டுக்கொள்கிறவர்கள். ஒருவருக்கொருவர் பெண் கொடுக்கல் வாங்கல் கிடையாது. அண்ணன் தங்கை முறை. பெங்களூரில் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிற ஒரு பையனும் பெண்ணும் என்ன முறை என்று இந்த நோட்டைப் பார்த்தால்தான் தெரியும். பார்க்காமல் போய், பத்திரிகை அடித்த பிறகு தெரிந்து, இரண்டு வீட்டிலும் சாப்பிடாமல் கிடந்த கதைகள் உண்டு.

அந்த நோட்டில் ஒரு குறையும் உண்டு. அதில் பெண் பிள்ளைகள் பெயர் இல்லை. கல்யாணமானதும் அவள் புருஷன் வீட்டுச் சாஸ்தாவுக்கு மாறிவிடுகிறாள். சட்டம் எப்போதோ மாறிவிட்டது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்தது. 2005-ல் நாடு முழுவதற்கும் வந்தது. கோர்ட்டில் பங்கு உண்டு, கோயில் நோட்டில் பெயர் இல்லை! “ஒரே பொண்ணு” என்று நிறுத்திக்கொண்ட வீடுகள் இப்போது எத்தனை? அந்த வீட்டுக்காரர் காலத்துக்குப் பிறகு நோட்டில் ஒரு வரி குறையும். அவ்வளவுதான்.

ஆச்சி இல்லாத உத்திரம்

எங்கள் கோயிலில் ஒரு ஆச்சி இருந்தார். நோட்டே தேவையில்லை. வேன் வந்து நிற்கும்போதே, “இவன் மேலத்தெரு வீட்டு மூணாவது மவனோட பேரன், இவன் கொழும்புக்குப் போனவன் வகையறா” என்று ஒப்பிப்பார். பத்து வருஷமாகப் பேசாத இரண்டு அண்ணன் தம்பி இருந்தார்கள். ஒரு கிணற்றுத் தகராறு. ஆச்சி ரெண்டு வீட்டுப் பானையையும் பக்கத்துப் பக்கத்து அடுப்பில்தான் ஏற்றச் சொல்வார். புகை மட்டும் இங்கிருந்து அங்கே போகும், பேச்சு போகாது. ஒரு வருஷம் தம்பி மகன், ஆறு வயசு, அண்ணனைக் காட்டி, “இவரு யாரு?” என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டான். தம்பி வாயைத் திறக்கவில்லை. அண்ணன்தான், “பெரியப்பாடே” என்றார். அன்றைக்கும் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் பையன் பெரியப்பா வீட்டுப் பானையில் சாப்பிட்டான்.

ஆச்சி போய் மூன்று உத்திரம் ஆகிறது. போன தடவை பத்துப் பன்னிரண்டு வேன் வந்தது. இறங்கியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம், “சௌக்கியமா?” என்றோம், போட்டோ எடுத்துக்கொண்டோம். பாதிப் பேர் யார் என்று பாதிப் பேருக்குத் தெரியவில்லை.

ஆகவே, அடுத்த முறை ஊருக்குப் போகிற இளைஞர்களுக்குச் சில யோசனைகள்:

1. வயதானவர்களைப் பேச விட்டு செல்போனில் பதிவு செய்யுங்கள். செல்ஃபி அப்புறம் எடுக்கலாம்.

2. நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ பிடித்து வையுங்கள். கரையானுக்குச் சாஸ்தா பயம் கிடையாது.

3. உங்கள் அக்கா, தங்கை, அத்தை பெயர்களையும் அதில் எழுதச் சொல்லுங்கள். “வழக்கமில்லையே” என்று பெரியவர்கள் முறைத்தால், “அவங்களும் வரி கட்டுவாங்க” என்று சொல்லிப் பாருங்கள். பொருளாளர் முதல் ஆளாகப் பேனாவைத் திறப்பார்!