41, 42 என்று எண்ணிய இடத்தில் மூடிய புத்தகம்

பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் படித்த காலத்தில், சக மாணவி ஒருத்தி டொல்கீனின் 'த லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' நாவலைத் தந்து, கட்டாயம் வாசி என்றாள். முதற்பாகத்தை ஒருவாறு முடித்தேன். இரண்டாம் பாகத்தில் ஒரு கோட்டைச் சண்டை வருகிறது. லெகோலஸ், கிம்லி என்ற இரு நண்பர்கள், யார் கூடுதலானோரைக் கொல்வது என்று போட்டி போடுகிறார்கள். முடிவில் ஒருவருக்கு 41, மற்றவருக்கு 42. அங்கே புத்தகத்தை மூடிவிட்டேன். ஷெல்லடி ஓய்ந்ததும் பங்கரில் இருந்து வெளியே வந்து ஆட்களை எண்ணிப் பார்த்த குடும்பம் எங்களுடையது.

தனியான உலகம், அதற்கொரு வரைபடம், மந்திரம், நன்மைக்கும் தீமைக்கும் இடையே பெரும் போர். இவற்றைக் கொண்ட நாவல்களைக் காவிய மிகுபுனைவு என்கிறார்கள். இவற்றைப் பலர் பாதியில் விடுவதற்கு முதலில் சொல்லப்படும் காரணம் நீளம். ரொபர்ட் ஜோர்டானின் 'த வீல் ஒஃப் டைம்' 14 பாகங்கள் கொண்டது. 1990இல் தொடங்கிய அத்தொடரை, அவர் 2007இல் இறந்தபின் இன்னொருவர் எழுதி 2013இல் முடித்தார். வாயில் நுழையாத பெயர்களும் வாசகரைக் களைக்கச் செய்யும். ஆனால் ஐந்து பாகப் 'பொன்னியின் செல்வ'னைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் எங்கள் அம்மாமார். நீளம் மட்டும் காரணமாக இருக்க முடியாது.

என்னைத் தள்ளி நிறுத்தியது போர் காட்டப்படும் விதம். இக்கதைகள் பலவற்றில் போரை அரசனும் வீரனும் நிற்கும் இடத்திலிருந்தே பார்க்கிறோம். மூட்டை முடிச்சோடு ஓடும் சனம் தூரத்தில் மங்கலாகத் தெரியும். எதிரி முகமில்லாத ஓர் இனம். அவர்கள் செத்தால் யாரும் அழவேண்டியதில்லை.

சில ஆண்டுகளின் பின் அதே நாவலை மீண்டும் எடுத்தேன். டொல்கீன் 1916இல் பிரான்சின் சொம் போர்முனையில் நின்றவர் என்று அறிந்ததே காரணம். பள்ளித் தோழர்கள் இருவரை அவர் அந்த ஆண்டிலேயே இழந்தார். நான் மூடிவைத்த அதே இரண்டாம் பாகத்தில், சாம் என்ற தோட்டக்காரன் இறந்துகிடக்கும் எதிரிப் படையாள் ஒருவனைப் பார்க்கிறான். இவனுடைய பெயர் என்னவாக இருக்கும், வீட்டிலேயே இருக்கத்தான் விரும்பியிருப்பானோ என்று யோசிக்கிறான்.

மூன்றாம் பாகத்தில் போர் முடிந்து நால்வர் ஊர் திரும்புகிறார்கள். மரங்கள் தறிக்கப்பட்டிருக்கின்றன. சாமின் தகப்பன் குடியிருந்த ஒழுங்கை மணல் அகழும் குழியாகிவிட்டது. மீள்குடியேறியபோது எங்கள் வளவில் நின்ற அடிக்கட்டைகள் எனக்கு ஞாபகம் வந்தன. சாம் மரக்கன்று நடுகிறான். ஃப்ரோடோவால் அதுவும் முடியவில்லை. காயப்பட்ட ஒக்டோபர் 6ஆம் திகதி வரும்போதெல்லாம் நோய்ப்படுகிறான். கடைசியில் ஊரைவிட்டே போய்விடுகிறான். மே மாதம் வந்தாலே படுத்துவிடும் எங்கள் வீட்டவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

இதற்காக எல்லோரும் இவ்வகை நாவல்களை வாசிக்கவேண்டும் என்று சொல்லவரவில்லை. பிடிக்காததைப் பாதியில் வைப்பது வாசகரின் குறையல்ல. போரே வேண்டாம் என்பவர்களுக்கு, உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய 'எ விஸார்ட் ஒஃப் எர்த்ஸீ' இருக்கிறது. சிறிய நூல். படைகள் மோதுவதில்லை, ஓர் இளைஞன் தானே அவிழ்த்துவிட்ட நிழலைத் தேடிப் போகிறான்.

அந்தக் கோட்டைச் சண்டையை நான் இன்றும் வாசிப்பதில்லை. பக்கங்களைத் தள்ளிவிட்டு நேரே சாமிடம் போய்விடுவேன்.