விலாசம் விசாரித்து வருகிறவர்கள்

அரியாலையில் ஒருவரின் வீட்டைக் கண்டுபிடிக்கக் கூகுள் வரைபடம் தேவையில்லை. கண்டி வீதியில் இறங்கி முதல் கடையில் தகப்பன் பெயரைச் சொன்னால் போதும். எந்த ஒழுங்கை, என்ன நிறப் படலை என்பதுவரை சொல்லிவிடுவார்கள். தபால் கந்தோரில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற என்னிடமும் கேட்கிறார்கள்: "அக்கா, இன்னாற்ற மகள் இப்ப எங்க இருக்கிறா?" கேட்பவர் அவளை அடித்துத் துரத்திய புருசனாகவும் இருக்கலாம். "உங்கட நம்பரைத் தாங்கோ, அவவிட்டச் சொல்லிவிடுறன்" என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1991 முதல் விலாசத்தை மறைப்பதற்கென்றே ஒரு திட்டம் உண்டு. ஆபத்தில் இருப்பவருக்கு அரசே மாற்று விலாசம் கொடுத்து, அங்கு வரும் கடிதங்களை அவரிடம் சேர்ப்பிக்கிறது. இங்கே இலங்கையில் நாம் துண்டு துண்டாகத்தான் மறைப்புக் கட்டவேண்டும்.

முதலாவது, தபால் பெட்டி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் த.பெ.இல. 57 போல, தனியாளும் கட்டணம் கட்டி ஒன்று எடுக்கலாம். கடித உறையில் வீட்டு இலக்கம் வராது.

இரண்டாவது, 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம். நீதவான் தரும் பாதுகாப்புக் கட்டளை, நீங்கள் தங்கியுள்ள இடத்துக்கு அடித்தவர் வருவதையும் பின்தொடர்வதையும் தடுக்கலாம். ஆனால் மனுவின் பிரதி எதிராளி கைக்கும் போகும். எனவே மனு எழுதமுன்பே, ஒளிந்திருக்கும் விலாசத்தை என்ன செய்வதென்று சட்டத்தரணியிடம் கேளுங்கள். எந்த ஊர் நீதிமன்றத்தில் போடுவது என்பதையும் யோசியுங்கள். புது ஊரில் போட்டால் அந்த ஊர் தெரிந்துவிடும்.

குற்றமொன்றில் பாதிக்கப்பட்டவரும் சாட்சியும் மிரட்டப்பட்டால், 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்புக் கேட்கலாம். பிரதேச செயலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தைக் காட்டி உங்கள் விலாசத்தை ஒருவர் கேட்டால், பொதுநலனோடு தொடர்பில்லாத தனிப்பட்ட தகவல் என்று மறுக்க 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஆம் பிரிவு இடம் தருகிறது.

அடையாள அட்டையிலும் விலாசம் இருக்கிறது. யாராவது போட்டோப் பிரதி கேட்டால், "இலக்கம் மட்டும் காணுமோ?" என்று கேட்டுப் பாருங்கள். வாக்காளர் இடாப்பு ஊருக்குத் திறந்த புத்தகம். பதிவை மாற்றமுன் விதானையாரோடு பேசுங்கள்.

பலர் மறப்பது பள்ளிக்கூடத்தை. பிள்ளையின் புது விலாசம் அங்குள்ள பதிவேட்டில் இருக்கும்; தகப்பன் வந்து கேட்டால் கந்தோரில் இருப்பவர் யோசிக்காமல் கொடுத்துவிடுவார். விலாசத்தைக் கொடுக்கவேண்டாமென்று, பாதுகாப்புக் கட்டளையின் பிரதியோடு அதிபரிடம் கடிதமாகக் கொடுத்து, கிடைத்ததென்று கையொப்பமும் வாங்குங்கள். எங்கே தொடங்குவதென்று தெரியாவிட்டால், பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.