மாசியில் பூசி, புரட்டாசியில் அடுக்கலாம்

அந்தமானின் போர்ட் பிளேரில் கொலு வைக்கும் தமிழ் வீடுகளில் பொம்மைகளைக் கெடுப்பது ஈரம். (2024இல் ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் வைத்தாயிற்று; பேச்சில் பழைய பெயர்தான் முதலில் வருகிறது.) ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை, சென்னையைப் போல இரு மடங்குக்கும் மேல். மே மாதம் பிடிக்கும் மழை ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பருவக்காற்றுகளையும் பார்த்துவிட்டு டிசம்பரில்தான் ஓய்கிறது. நவராத்திரி இதன் நடுவே வந்து விழுகிறது. பெட்டியைத் திறந்து, நிறம் உதிர்ந்த பொம்மையைப் பார்த்து, அவசரமாக வண்ணம் வாங்கிப் பூசினால் மேலே காய்ந்ததுபோல் இருக்கும். படியில் வைத்ததும் துணியோடு ஒட்டிக்கொள்ளும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை வானம் வெளுத்திருக்கும் மாதங்கள்தான் இந்த வேலைக்கு ஏற்றவை.

மேசைமேல் வைக்கும் சிறு உருவங்களுக்கு வண்ணம் பூசுவதற்கென்று உலகெங்கும் ஒரு பெரிய கூட்டமே இருக்கிறது. பொம்மைச் சிப்பாய்களை வைத்து விளையாட எச். ஜி. வெல்ஸ் 1913இலேயே விதிப்புத்தகம் போட்டார். 1974இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், 1983இல் வார்ஹாமர் ஆகிய மேசை விளையாட்டுகள் வந்தபின் கட்டைவிரல் உயரத்துக்குள் கண், மூக்கு, கவசம் எல்லாம் தீட்டும் கைத்திறன் வளர்ந்தது. அவர்களுடைய உத்திகள் நம் கொலு பொம்மைக்கு அப்படியே பொருந்தும். காற்றைப் பற்றிய கணக்கை மட்டும் நாம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

முதலில் பொம்மை எதனால் ஆனது என்று பாருங்கள். விரலால் தட்டினால் சுட்ட களிமண் கணீரென்று ஒலிக்கும். கல்மாவும் கிழங்குமாவும் சேர்த்த காகிதக்கூழ் பொம்மை கையில் லேசாக இருக்கும், சத்தமும் மந்தமாக வரும். இரண்டையும் குழாயடியில் காட்ட வேண்டாம். உலர்ந்த தூரிகையால் தூசி தட்டிவிட்டு, நனைத்த பஞ்சால் பின்பக்கம் ஓரிடத்தில் தேயுங்கள். பஞ்சில் நிறம் வந்தால் அது தண்ணீரில் கரையும் பழைய பூச்சு; அதைத் துடைக்காமல் மேலே அடிப்பூச்சு கொடுத்துவிடுவதே நல்லது. காகிதக்கூழ் பொம்மைக்குப் பூஞ்சை வருவது பெரும்பாலும் அடிப்பாகத்திலிருந்துதான். பூசாமல் விட்ட அந்த இடம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நன்றாகக் காயவைத்த பிறகு அங்கேயும் அடிப்பூச்சும் வார்னிஷும் கொடுங்கள். ஈரத்தோடு மூடினால் அது உள்ளேயே தங்கி, பின்னால் கொப்புளமாகக் கிளம்பும்.

உடைந்த கைக்கு எம்-சீல் ஒட்டுமாவு போதும். இரண்டு பாகத்தையும் சம அளவில் ஒரே நிறமாகும்வரை பிசைந்து, உடைந்த இடத்தில் ஒரு துண்டுக் கம்பியைச் செருகி அதன்மேல் பொம்மையின் கையை உருவாக்குங்கள். விரலை நனைத்துக்கொண்டால் வழவழப்பாக வரும். சூப்பர் க்ளூ இந்தக் காற்றில் ஒட்டிய இடத்தைச் சுற்றி வெள்ளையாகப் பூத்துவிடும். ஆகவே, பூசி முடித்த பொம்மையில் அதைத் தொடாதீர்கள்.

உருவத்தை மாற்றுவதும் இப்படித்தான். கல்யாண ஊர்வல செட்டில் நாதஸ்வரம் ஒடிந்துபோன ஒருவர் இருப்பார். அவர் கையில் ஒரு டிரங்குப் பெட்டியும் தோளில் துண்டும் கொடுத்தால், சென்னையிலிருந்து எம்.வி. நான்கௌரி கப்பலில் மூன்று நாள் வாந்தியெடுத்து வந்திறங்கிய பயணி தயார். தீவையே கருவாக வைத்து ஒரு செட் செய்ய ஆசைப்படுபவர்களுக்கு ஹாடோ துறைமுகம், செல்லுலார் சிறை, கலங்கரை விளக்கம் என்று எவ்வளவோ இருக்கின்றன. இங்குள்ள பழங்குடிகளான ஜாரவா மக்களைப் பொம்மையாக்குவதை மட்டும் விட்டுவிடலாம் என்பது என் கருத்து. அவர்களைப் படம்பிடிப்பதே சட்டப்படி குற்றம். அவர்களை வேடிக்கைப் பொருளாக்கி நம் வீட்டுப் படியில் நிறுத்த வேண்டியதில்லை.

அடிப்பூச்சுக்கு வெளிநாட்டுக் காணொளிகளில் எல்லாரும் ஸ்ப்ரே டப்பாவைத்தான் எடுப்பார்கள். தீப்பிடிக்கும் வாயு அடைத்த அந்த டப்பாவை விமானத்தில் கொண்டுவர முடியாது. கிடைத்தாலும், ஈரக்காற்றில் அடித்தால் பரப்பு மணல்போலச் சொரசொரப்பாகிவிடும். தூரிகையால் பூசும் அக்ரிலிக் பிரைமர்தான் இங்கே சரி. வண்ணமும் அக்ரிலிக்காகவே இருக்கட்டும். பால் பதத்துக்கு நீர் கலந்து, ஒரே தடிப்பாக அல்லாமல் இரண்டு மூன்று மெல்லிய பூச்சாகக் கொடுங்கள். வண்ணம் காயாமலிருக்க அவர்கள் பயன்படுத்தும் ஈரத்தட்டு நமக்குத் தேவையே இல்லை. பழைய டைல்ஸ் துண்டு போதும், காற்றே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

கடையில் வாங்கும் பொம்மைகள் பெரும்பாலும் பளீரென்று ஒரே நிறத்தில் இருக்கும். புடவை மடிப்பில் நீர்த்த கரும்பழுப்பை ஓடவிட்டால் அது பள்ளங்களில் தங்கி நிழலாகும். காய்ந்ததும், தூரிகையில் கொஞ்சமாக வெளிர்நிறம் எடுத்துத் துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, மேடுகளில் மட்டும் உரசுங்கள். ஒட்டியாணமும் ஜடைப்பின்னலும் தனியாக எழுந்து நிற்கும்.

கண்ணில்தான் இரண்டு மரபுகளும் பிரிகின்றன. நம் சிற்பிகள் கண் திறப்பதைக் கடைசிக்கு வைப்பார்கள். சிற்றுருவம் தீட்டுபவர்களில் பலர் கண்ணை முதலில் எழுதுவார்கள். கோடு தப்பினாலும் பிறகு தோல்நிறத்தைக் கொண்டு சுற்றிவர மூடிக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு. சாமி பொம்மைக்கு நம் வழக்கம், செட்டியார் பொம்மைக்கு அவர்கள் வழக்கம் என்று வைத்துக்கொண்டால் சண்டையில்லை. கண்ணின் வெள்ளைக்குச் சுத்த வெள்ளை வேண்டாம், முழிப்பதுபோல் ஆகிவிடும். துளி பழுப்பு கலந்துகொள்ளுங்கள்.

வார்னிஷ் வெயில் நாளில் மட்டும். மழைநாளில் அடிக்கும் மங்கல் வார்னிஷ் பால்படிந்ததுபோல் வெளுத்துப்போகும். எடுத்துவைக்கும்போது பிளாஸ்டிக் பையில் சுற்றாதீர்கள், அக்ரிலிக் அதில் ஒட்டிக்கொள்ளும். பருத்தித் துணியும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும்.

முடித்த பொம்மையைப் படம் எடுப்பதற்குத் தீவில் இன்னொரு சிக்கல் உண்டு. டெல்லிக்கும் வெகு கிழக்கே இருக்கும் நமக்கும் ஒரே கடிகாரம் என்பதால் டிசம்பரில் ஐந்து மணிவாக்கிலேயே இருட்டிவிடும். அலுவலகம் முடிந்து வந்து பகல் வெளிச்சத்தில் எடுக்க முடியாது. விடியற்காலை நம் பக்கம் இருக்கிறது. நேர்வெயில் படாத ஜன்னலோரம், பின்னால் வெள்ளை சார்ட் காகிதம், பொம்மையின் கண்மட்டத்துக்குத் தாழ்த்திய கைப்பேசி, அணைத்த ஃபிளாஷ். இவ்வளவுதான் ஏற்பாடு.

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து சுமார் 2,300 கி.மீ. கடலடிக் கேபிள் பயன்பாட்டுக்கு வரும்வரை தீவுகளின் இணையம் செயற்கைக்கோளை நம்பியே இருந்தது. படம் ஏற்றுவதே பொறுமைக்குச் சோதனை. இப்போது அந்தத் தடை குறைந்திருப்பதால், முடிந்த பொம்மையை மட்டும் போடாமல் உடைந்த நிலை, அடிப்பூச்சு, நிழல் என்று படிப்படியாகப் போடுங்கள். பொம்மை பண்ருட்டியா, விளாச்சேரியா, காஞ்சிபுரமா என்று தெரிந்தால் சேர்த்து எழுதுங்கள். எந்த மாதம் பூசினீர்கள், ஒரு பூச்சு காய எவ்வளவு நேரம் பிடித்தது என்பதையும் குறிப்பிடுங்கள். நாகப்பட்டினத்திலோ கொழும்பிலோ தூரிகையோடு உட்கார்ந்திருப்பவருக்கு இங்கிலாந்துக்காரர் சொல்லும் காயும் நேரத்தைவிட உங்களுடையதுதான் உதவும்.